லைட் தானாக எரிகிறது, ஃபேன் தானாக நிற்கிறது: ஸ்மார்ட் ஸ்விட்ச் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க

பெங்களூர் அல்சூரில் இருக்கிற என் சித்தி வீட்டில் மூன்று அறைகளுக்கும் ஸ்மார்ட் மாட்யூல் (சுவர் ஸ்விட்சோடு போன் ஆப்பிலிருந்தும் லைட், ஃபேனை இயக்க விடுகிற சின்னப் பெட்டி) மாட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. “டேய், ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்ரூம் லைட்டு தானா எரியுதுடா. சித்தப்பா எழுந்து அணைச்சாரு, படுத்து கண்ணை மூடறதுக்குள்ள மறுபடி எரியுது. எனக்கு இதெல்லாம் வேணாம், பழைய ஸ்விட்சையே மாட்டிக் கொடுத்துடு.”

சித்தி கேட்டதில் நியாயம் இருக்கிறது. சுவரில் இருக்கிற ஸ்விட்சை அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும், அதைத் தாண்டி ஒரு வீட்டுக்கு வேறெதுவும் முக்கியமில்லை. ஆனால் அன்றைக்குக் கழற்றிப் பார்த்ததில் மாட்யூலில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு உறவுக்காரர், நண்பர் வீடுகளில் இதே மாதிரி புகார்களைப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: பெரும்பாலும் ஸ்மார்ட் ஸ்விட்ச் கெட்டுப்போயிருக்காது. அது இருக்கிற கம்பியிலேயே இன்னொரு கட்டுப்பாடும் உட்கார்ந்திருக்கும். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்ச், டூ-வே ஸ்விட்ச் (ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து இயக்குவது), காலிங் பெல், இவற்றில் ஏதோ ஒன்று. அதனால் எடுத்ததும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இணைப்பது, ரீசெட் செய்வது, புது மாட்யூல் வாங்குவது எதுவும் வேண்டாம். ஒரு லைட்டுக்கோ ஃபேனுக்கோ எத்தனை பேர் கட்டளை கொடுக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

முதல் படி: திறப்பதற்கு முன்னால்

இரண்டு நாள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எப்போது நடந்தது, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன போட்டார்கள் அல்லது அணைத்தார்கள், கரண்ட் போய் வந்ததா, மழை பெய்ததா. நிறைய ஆப்களில் பழைய பதிவு இருக்கும், அதில் லைட்டைப் போட்டது ஆப்பா, டைமரா, சுவர் ஸ்விட்சா என்று காட்டுகிறதா பாருங்கள். சித்தி வீட்டுப் பதிவில் இரவு இரண்டு மணிக்கு “ஸ்விட்ச்” என்றே இருந்தது. யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை, ஆனால் மாட்யூல் தொட்டதாக நினைக்கிறது. அந்த ஒரு வார்த்தையிலேயே வைஃபை சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டது, பாதி வேலை முடிந்தது.

போர்டைத் திறக்கும்போது அந்த அறையின் எம்சிபியை (மெயின் பெட்டியில் அந்த லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) மட்டும் அணைத்தால் போதாது. ஒரே பெட்டிக்குள் மெயின் லைனும் இன்வெர்ட்டர் லைனும் சேர்ந்து வருவது நம் ஊர் வீடுகளில் சாதாரணம், அதனால் மெயினை அணைத்து இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயினை அணைப்பதற்கு முன்பே டெஸ்டரைக் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து அது வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அணைத்த பிறகு பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு கம்பியையும் அந்த டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் கழற்றுவதையும் மாட்டுவதையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தாலே உங்களுக்கு நிறைய நேரமும் பணமும் மிச்சம்.

இரண்டாம் படி: சுவர் ஸ்விட்சைப் பிரித்துப் பார்ப்பது

இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். மாட்யூலில் சுவர் ஸ்விட்சுக்குப் போகிற கம்பியை, அதாவது எஸ்1 அல்லது எஸ்2 என்று எழுதியிருக்கும் இடத்தில் உள்ளதை, கழற்றி நுனியில் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். லைன் (கரண்ட் வருகிற கம்பி), நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி), லைட்டுக்குப் போகிற கம்பி மூன்றும் அப்படியே இருக்கட்டும். போர்டை மூடி ஒரு ராத்திரி ஆப்பிலிருந்து மட்டும் இயக்குங்கள்.

கோளாறு நின்றுவிட்டால் குற்றவாளி சுவர் ஸ்விட்சோ அதன் கம்பியோதான். நிற்காமல் தொடர்ந்தால் மின்சாரம் வரும் வழியிலோ, லைட் ஃபேன் பக்கத்திலோ, வைஃபையிலோ தேட வேண்டும். சித்தி வீட்டில் அன்று ராத்திரி லைட் எரியவே இல்லை.

மூன்றாம் படி: ஸ்விட்ச் பக்கம்

சித்தி வீட்டுப் பெட்ரூம் ஸ்விட்சின் நடுவில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு, இருட்டில் ஸ்விட்ச் எங்கே என்று தெரிவதற்காக. ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது அது மினுக்கும். எப்படி மினுக்குகிறது? ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு நியான் குமிழும் ரெசிஸ்டரும் இருக்கின்றன, மிகச் சிறிய கரண்ட் அந்த வழியாக எப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது. பழைய குண்டு பல்புக்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. ஆனால் மாட்யூலின் எஸ்1 முனை துளி மின்னழுத்தத்தையும் உணரக்கூடியது. இரவில் ஊர் முழுக்க லோடு குறைந்து வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால், கசிவும் கொஞ்சம் ஏறும், மாட்யூல் “ஸ்விட்ச் போட்டுவிட்டார்கள்” என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக இண்டிகேட்டர் இல்லாத சாதாரண ஸ்விட்ச் ஒன்றை மாட்டினேன், அதோடு சரியாகிவிட்டது. மாட்யூல் இல்லாத இடத்திலும் இதே நியான்தான் எல்இடி பல்பை அணைத்த பிறகும் மங்கலாக எரியவோ விட்டுவிட்டு மின்னவோ வைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாட்யூல்களில் ஸ்விட்ச் முனை இரண்டு வகை. ஒரு வகையில் எஸ்1-க்கு ஸ்விட்ச் வழியாக லைன் கரண்ட் போக வேண்டும். இன்னொரு வகையில் எஸ்1, எஸ்2 இரண்டையும் ஸ்விட்சின் இரண்டு முனையில் சும்மா இணைத்தால் போதும், அதில் லைன் கரண்ட் பட்டால் மாட்யூல் அப்போதே எரிந்துவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் பெட்டியோடு வந்த படத்தைப் பார்க்காமல் கம்பியைச் செருகாதீர்கள். இரண்டாவது வகையில் எஸ்1, எஸ்2 கம்பிகளில் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடவும் கூடாது. உள்ளே மெயினிலிருந்து அது பிரிக்கப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்து ஆப்பில் ஸ்விட்ச் வகை. காலிங் பெல் மாதிரி அழுத்தி விடுகிற ஸ்விட்சை வைத்துக்கொண்டு ஆப்பில் சாதாரண ஸ்விட்ச் என்று வைத்திருந்தால், அழுத்தும் வரை எரியும், விட்டால் அணையும். தலைகீழாக வைத்திருந்தால் இரண்டு தடவை தட்டினால்தான் வேலை செய்யும். சாதாரண ஸ்விட்ச் உள்ளவர்கள் “ஒவ்வொரு தட்டுக்கும் நிலை மாறட்டும்” என்கிற மாதிரியான அமைப்பை வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆப்பில் அணைத்துவிட்டால் சுவர் ஸ்விட்ச் ஆன் பக்கமே சாய்ந்திருக்கும், ‘ஆன் என்றால் ஆன்’ என்ற அமைப்பில் அதை அணைத்துப் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, சில மாட்யூல்கள் சுவர் ஸ்விட்சைப் படபடவென்று பல தடவை தட்டினால் பழைய இணைப்பை மறந்து புதிதாக இணையக் காத்திருக்கும். குழந்தைகள் விளையாட்டாகத் தட்டினாலும், ஸ்விட்சின் உள் முனை தேய்ந்து பொறி பறந்தாலும் இது நடக்கும். “அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது” என்று வைஃபையைத் திட்டுவதற்கு முன் அந்தப் பழைய ஸ்விட்சை ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

மாடிப்படியிலும் கட்டில் பக்கத்திலும் இருக்கிற டூ-வே ஸ்விட்ச் கொஞ்சம் வம்பு. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கம்பிகள் ஓடும், ஒன்றில் எப்போதும் கரண்ட் இருக்கும், மற்றது சும்மா இருக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் ஒரே பைப்புக்குள் ஒட்டி ஓடும்போது கரண்ட் உள்ள கம்பி சும்மா இருக்கிற கம்பியிலும் தூண்டல் மின்னழுத்தத்தை உண்டாக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 50, 80 வோல்ட் என்றெல்லாம் காட்டும், டெஸ்டரும் மங்கலாக எரியும். அது நிஜமா என்று பார்க்க ஒரு ஹோல்டரில் பழைய குண்டு பல்பை மாட்டி அந்தக் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வையுங்கள். பல்பு எரியாமல் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது வெறும் தூண்டல். ஆனால் மாட்யூலை ஏமாற்ற அதுவே போதும். எஸ்1-க்கு லைன் கரண்ட் போகிற முதல் வகை மாட்யூலில் சாதாரண முறை, இரண்டாவது ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போன கம்பியை எஸ்1-க்குக் கொடுத்துவிட்டு லைட்டை மாட்யூலின் வெளியீட்டில் இணைப்பது. தூரம் குறைவு என்றால் இது நன்றாக வேலை செய்யும். தூரம் அதிகம் என்றால் நான் மல்லுக்கட்டுவதில்லை, ஒரு முனையில் மட்டும் கம்பி ஸ்விட்சை வைத்துவிட்டு மறுமுனையில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டனை ஒட்டிவிடச் சொல்கிறேன்.

நான்காம் படி: ரெகுலேட்டரும் டிம்மரும்

இதில்தான் நிறைய வீடுகளில் மாட்யூலும் ஃபேனும் சேர்ந்து கெடுகின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள். ரெகுலேட்டர் என்ன வகை என்று முதலில் பாருங்கள். குமிழ் வழவழவென்று சுற்றினால் அது பெரும்பாலும் டிரையாக் வகை, ஏசி மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்து வேகத்தைக் குறைக்கும். ‘டக் டக்’ என்று நம்பர் நம்பராக விழுந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வகை, அலையை வெட்டாமல் மின்னழுத்தத்தைக் குறைக்கும். பழைய வீடுகளில் கைப்பிடி அளவுக்குப் பெரிதாக, தொட்டால் சூடாக இருப்பது ரெசிஸ்டர் வகை.

ஒரே விதி: மாட்யூலுக்குப் போகிற லைன் எந்த ரெகுலேட்டருக்கும் டிம்மருக்கும் முன்னாலிருந்து வர வேண்டும், 230 வோல்ட் முழுதாக. கோரமங்களாவில் ஒரு நண்பர் வீட்டில் ஃபேனை மூன்றில் வைத்தால் எல்லாம் சரி, ஒன்றில் வைத்தால் பக்கத்து லைட் அணைந்து அணைந்து வரும். ஃபேனுக்கு மேலே கூரையில் இருக்கிற கோப்பைக்குள் மாட்யூலை வைத்து, அங்கே வந்த கம்பியிலிருந்தே லைன் எடுத்திருந்தார்கள். அது ரெகுலேட்டர் வழியாக வருகிற கம்பி. வேகம் குறையக் குறைய மாட்யூல் பட்டினி கிடந்து ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது.

வெறும் ஆன்-ஆஃப் மாட்யூலை ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்து, வேகத்தைச் சுவர்க் குமிழிலேயே வைத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. வேகத்தையும் மாற்றுகிற ஸ்மார்ட் ஃபேன் மாட்யூல் போட்டால் சுவர் ரெகுலேட்டரை வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டும் வரிசையில் இருந்தால் ஃபேன் ‘உம்ம்’ என்று உறுமும், சூடாகும், ஆப்பில் ஐந்து வைத்தாலும் மெதுவாகவே சுற்றும். “ரெகுலேட்டரை ஃபுல்லில் வைத்துவிட்டால் போதாதா” என்று கேட்பார்கள். கெப்பாசிட்டர் வகையில் கடைசி நம்பர் நேரடி இணைப்பு என்பதால் ஓரளவு சமாளிக்கலாம், டிரையாக் வகை ஃபுல்லிலும் அலையைக் கொஞ்சம் தொடும். பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும், ரிமோட்டோடு வரும் வகை) என்றால் விவாதமே வேண்டாம். அதற்குள்ளேயே எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, ரெகுலேட்டரை நீக்கிவிட்டு நேரடி லைன் கொடுங்கள், இல்லையென்றால் ரிமோட் கேட்காது, சில நாளில் போர்டே போகும்.

எல்இடிக்குச் சுவர் டிம்மர் இருந்தாலும் இதே கதைதான். டிம்மரா ஸ்மார்ட் பல்பா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள், இரண்டும் ஒரே கம்பியில் வாழாது.

ஐந்தாம் படி: நியூட்ரலும் ஃபேஸும்

நம் வீடுகளில் ஸ்விட்ச் போர்டிலேயே பிளக் பாயிண்டும் இருப்பதால் பெரும்பாலும் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடும், அது ஒரு நிம்மதி. சிக்கல் எங்கே என்றால் “நியூட்ரல்தானே, எதுவானால் என்ன” என்று பக்கத்தில் கிடைத்த கருப்புக் கம்பியை எடுப்பதில். ஆர்சிசிபி என்பது போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்க்கிற கருவி, வித்தியாசம் 30 மில்லியாம்பியரை நெருங்கினால் வீட்டு ஆர்சிசிபி விழும். லைன் ஒரு ஆர்சிசிபியிலும் நியூட்ரல் இன்னொன்றிலும் இருந்தால் லைட்டைப் போட்டதும் விழுவது அதனால்தான். இன்வெர்ட்டரின் நியூட்ரல் தனியாக ஓடுகிற வீட்டில் மாட்யூலுக்கு இன்வெர்ட்டர் லைனையும் மெயின் நியூட்ரலையும் கொடுத்துவிட்டால், கரண்ட் இருக்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும், கரண்ட் போனதும் மாட்யூல் செத்துக் கிடக்கும்.

தனி வீடுகளில் மூன்று ஃபேஸ் (மூன்று தனித்தனி லைன் கம்பிகள்) இணைப்பு உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஃபேஸுக்கு, கருப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது முறை, ஆனால் மீதியிருந்த கம்பியை இழுத்துவிட்ட வீடுகள் நிறைய, நிறத்தை நம்பாதீர்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஃபேஸ் வந்திருந்து, மாட்யூலின் லைனுக்கு ஒன்றும் எஸ்1-க்கு வேறொன்றும் போனால் இடையில் சுமார் 400 வோல்ட் நிற்கும். மாட்யூல் எரிவது சின்ன நஷ்டம், பெட்டிக்குள் தீப்பிடிப்பதுதான் பயம். இரண்டு லைன் கம்பிக்கு நடுவே மீட்டரை வைத்து 400 வோல்ட் அளவில் காட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆறாம் படி: சுருள் உள்ள சாமான்கள்

டிங்-டாங் பெல், சோக் போட்ட பழைய டியூப்லைட், எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர் மோட்டார். இவற்றுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது, அணைக்கும் நொடியில் சுருளில் சேர்ந்த சக்தி ஒரு வீச்சாக வெளியே வந்து ஸ்விட்சில் பொறியாகப் பறக்கும். அதே லைனில் இருக்கிற மாட்யூல் அந்த அதிர்வில் மறதி வந்து ரீஸ்டார்ட் ஆகும். வாசலில் யாராவது பெல் அடித்தால் ஹால் லைட் அணைகிறது என்பது மாதிரிப் புகார் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து சின்னது. ஸ்னப்பர் என்று கேளுங்கள், 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்த ஒரு சின்னக் கட்டி, ஏசி மெயினுக்கென்று மதிப்பிடப்பட்டதாக இருக்க வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரியுங்கள். அதை மாட்யூல் பக்கம் வைக்காமல், தொந்தரவு தருகிற பெல்லுக்கோ எக்ஸாஸ்ட்டுக்கோ இணையாக, அதன் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாட்டுங்கள். பொறி பிறக்கிற இடத்திலேயே அடக்குவதுதான் பலன் தரும். அணைத்த பிறகும் மங்கலாக எரிகிற எல்இடிக்கும் இதையே பல்புக்கு இணையாக வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆப்பில் அணைத்தால் உள்ளே ‘டிக்’ என்று கேட்கிறது, லைட் மட்டும் அணையவில்லை என்றால் ரிலேயின் (மாட்யூலுக்குள் லைட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. நிறைய எல்இடிகளை ஒரே மாட்யூலில் சேர்த்தால் போடுகிற கணத்தில் பாய்கிற கரண்டால் இப்படி ஆகும். மாட்யூலை மாற்றத்தான் வேண்டும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், 10 ஆம்பியர் மாட்யூலில் அதை மாட்டவே கூடாது. மாட்யூல் ஒரு காண்டாக்டரை (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், காண்டாக்டர் கீசரை இயக்கட்டும்.

தொடு பேனல் வைத்தவர்களுக்கு மட்டும்: மழைக்காலத்தில் ஈரம் ஊறிய வெளிச்சுவர், எர்த் இல்லாத பெட்டி, அதே போர்டில் செருகிய மட்டமான சார்ஜர், இந்த மூன்றும் யாரும் தொடாமலே தொட்டதாகக் காட்டும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், அதுதான் சுலபமான சோதனை.

ஏழாம் படி: கடைசியாக வைஃபை

கம்பியெல்லாம் பார்த்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். பெரும்பாலான மாட்யூல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், பெங்களூர் அடுக்குமாடியில் அந்த அலைவரிசையில் சுற்றியுள்ள அத்தனை வீடுகளும் பேசிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். ஜிக்பீ ஸ்விட்சுகள் (வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் ஒரு ஹப் பெட்டியோடு பேசுபவை) என்றால் வைஃபையை 1-லோ 6-லோ வைத்துவிட்டு ஜிக்பீயை 25-க்குக் கொண்டுபோனால் இரண்டும் விலகி நிற்கும். ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டிவரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதிரி ஓய்வான நேரத்தில் செய்யுங்கள். ஹப்பை ரவுட்டர் மேலேயே வைக்காதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

சுவருக்குள் இரும்புப் பெட்டி இருந்தால் அலை முன்பக்கம் வழியாகத்தான் வெளியே வரும். மாட்யூலைக் கம்பிக்கூட்டத்துக்குப் பின்னால் திணிக்காமல் பிளாஸ்டிக் முகப்பை ஒட்டி வையுங்கள். ரவுட்டர் பிரச்சினையா, மாட்யூல் பிரச்சினையா என்று தெரியவில்லையா? ரவுட்டரை அணைத்துவிட்டு, உங்கள் போனில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்து 2.4-ல் ஹாட்ஸ்பாட் போட்டு, போர்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், இன்னொரு போனிலிருந்து இயக்குங்கள். சட்டென்று கேட்டால் கோளாறு தூரத்திலோ ரவுட்டரிலோ இருக்கிறது.

இரவில் கரண்ட் போய் வந்ததும் எல்லா லைட்டும் எரிகிறது என்பது இந்தப் பட்டியலிலேயே வராது. ஆப்பில் ‘கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும்’ என்ற அமைப்பு ஆன் என்று இருக்கும், அதைப் படுக்கையறைக்கு ஆஃப் என்றும் மாடிப்படிக்குக் கடைசி நிலை என்றும் மாற்றினால் போதும்.

எல்லாம் முடித்து மூடும்போது ஒரு மாற்றத்துக்கு ஒரு நாள் விடுங்கள். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது, அடுத்த அறையில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும். முகப்புத் தகட்டின் உள்பக்கம் ஒரு சீட்டில் எந்தக் கம்பி எந்த எம்சிபி, எது இன்வெர்ட்டர் லைன், ரெகுலேட்டர் நீக்கப்பட்டதா, ஸ்னப்பர் எங்கே இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சித்தி வீட்டுச் சீட்டில் “பெட்ரூம்: இண்டிகேட்டர் ஸ்விட்ச் போடக் கூடாது” என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த தடவை யார் வந்து திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.